தூண்டிவிட்டவனுக்கு

அன்புள்ள கண்ணா,

நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். ஏதோ ஒரு கேஸ் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறாய். எழுந்து வந்து இதையெல்லாம் நேரிலேயே சொல்லலாம். சொன்னால் நீ குறுக்கு விசாரணையில் இறங்கிவிடுவாய், நான் பாதியில் அழுதுவிடுவேன், அப்பா என்னமோ ஏதோ என்று அடுக்களையிலிருந்து ஓடி வருவார். எழுதிவிடுவதுதான் உத்தமம் என்று தோன்றியது. எழுதியதை உன் கையில் கொடுக்காமல் ஊரார் படிக்கிற மாதிரி ஏன் வெளியிட வேண்டும் என்று கேட்பாய். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அம்மாவுக்கு ஏன் இந்த வம்பு என்றும் கேட்பாய். நமக்குள் தனியாக என்று இனிமேல் என்னடா இருக்கிறது? உன் போனை எடுத்துக்கொண்டு போனார்கள், என் போனையும் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் உனக்கு அனுப்பிய 'சாப்பிட்டியா', 'குடை எடுத்துண்டு போனியா', 'வத்தக்குழம்பு ஃப்ரிட்ஜில இருக்கு, சுடவச்சுக்கோ' எல்லாவற்றையும் யாரோ ஓர் அதிகாரி உட்கார்ந்து படித்திருப்பார். வத்தக்குழம்புக்கு என்ன சங்கேதம் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பார், பாவம். இதையும் எப்படியும் படிக்கத்தான் போகிறார்கள். அவர்கள் மட்டும் ஏன் படிக்க வேண்டும், எல்லோருமே படிக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் முன்கதை சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். என் பிள்ளை வக்கீல். அடையாற்றங்கரையில் தலைமுறையாகக் குடியிருக்கிற ஜனங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் கொண்டுபோய்க் குடிவைக்கிறோம் என்று அரசாங்கம் கிளம்பியபோது, அவர்களுக்காகக் கோர்ட்டுக்குப் போனவன். 'எங்கள் முழுச் சம்மதத்துடன் காலி செய்கிறோம்' என்று ஏற்கெனவே அச்சடித்த ஒரு தாளை வீடு வீடாகக் கொடுத்துக் கைநாட்டும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவன் போய்ச் சந்து சந்தாக நின்று ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னான்: "படிச்சுப் பாக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. படிக்கத் தெரியலைன்னா யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்க." மறுநாளிலிருந்து அந்தத் தாளில் ஒரு கையெழுத்தும் விழவில்லை. இடிக்கிற இயந்திரம் வந்து நின்ற அன்று ஜனங்கள் வழிமறித்து உட்கார்ந்துவிட்டார்கள். இவன் அப்போது கோர்ட்டில் வேறு ஒரு வழக்கில் நின்றுகொண்டிருந்தான். அவர்களில் இரண்டு பேரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள் என்று வக்கீலாகக் கூடப் போனவனைத் திரும்பி வரவிடவில்லை. அரசு ஊழியர்களைப் பணி செய்யவிடாமல் தடுக்கும்படி பொதுமக்களைத் தூண்டிவிட்டான் என்று வழக்கு.

தூண்டிவிட்டான். முதல் தகவல் அறிக்கையின் நகலை அப்பா சாப்பாட்டு மேஜையில் வைத்து எழுத்துக்கூட்டுகிற மாதிரி வாசித்தார். அந்தச் சொல் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் ரிட்டயர் ஆகிறவரை பெண்கள் பள்ளியில் தமிழ் இலக்கணம் நடத்தியவள். ஒரு சொல்லைக் கேட்டால் அது வீட்டில் எங்கே புழங்குகிறது என்றுதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். நம் வீட்டில் அது விளக்கு மாடத்தில் புழங்கிற்று. விளக்கு வைக்கிற நேரத்தில் நான் கரண்டியும் கையுமாக இருப்பேன், "டேய், திரி உள்ள போயிடுத்து பாரு, கொஞ்சம் தூண்டிவிடு" என்பேன். நீ ஓடிப்போய் விரலாலேயே தூண்டிவிட்டு, எண்ணெய்க் கையை டிராயரில் துடைத்துக்கொண்டு வருவாய். அந்தக் கறை எந்த சோப்புக்கும் போனதில்லை. தூண்டிவிடுகிறவன் தீ வைக்கிறவன் இல்லையே. ஏற்கெனவே எரிந்துகொண்டிருப்பது எண்ணெயில் முங்கி அணையப் போகிறது, அதை ஒரு விரற்கடை மேலே இழுத்துவிடுகிறான், அவ்வளவுதான். அறிக்கையை எழுதியவர் திட்டுவதாக நினைத்துக்கொண்டு உன்னைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அந்த நேரத்தில் இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. மேலே வாசியுங்கோ என்று மட்டும் சொன்னேன்.

அந்த அறிக்கையில் உன் பெயரும் அந்த இரண்டு பேர் பெயரும் எழுதி, பிறகு 'மற்றும் பலர்' என்று ஒன்று இருந்தது. அது யார் என்று உன் சிநேகிதன் வக்கீல் முரளியிடம் கேட்டேன். "அது யாரும் இல்லை மாமி. பின்னாடி யாரை வேணாலும் சேர்த்துக்கலாம்னு விட்டு வைக்கிற இடம்" என்றான். ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரியா என்றேன். சிரித்துவிட்டு, "அதே மாதிரிதான், யாரு வந்து உக்காரப் போறான்னுதான் தெரியாது" என்றான். இதை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

உன்னை உள்ளே வைத்த மறுநாள் காலை வீட்டுக்கு வந்தார்கள். அதைப் பற்றி நீ சிறையில் கூச்சலுக்கு நடுவே மேலோட்டமாகத்தான் கேட்டிருக்கிறாய். அப்பா தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்ள மாட்டார், நான் சொல்கிறேன். ஒரு இன்ஸ்பெக்டர், ஒரு பெண் போலீஸ், கூட இன்னும் சிலர். மந்தைவெளியில் நம் சந்தில் அவ்வளவு பெரிய வண்டி திரும்பவே முடியாது, எதிர் ஃப்ளாட் ஜன்னலெல்லாம் திறந்துகொண்டது. அப்பா உன் உள்ளங்கையைப் பிடித்துத் தெருவைத் தாண்டின காலத்திலிருந்தே பயந்த சுபாவம். யூனிஃபார்ம் போட்ட வாட்ச்மேனைக் கண்டால்கூட அரையடி ஒதுங்கி நிற்பார். வந்தவர்களைப் பார்த்து அவர் முதலில் சொன்ன வார்த்தை, "எல்லாரும் காபி சாப்பிடறேளா?" என்பதுதான். அந்த இன்ஸ்பெக்டருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

உன் அலமாரியைக் கவிழ்த்தார்கள். கம்ப்யூட்டர், புத்தகங்கள், நீ காலேஜில் வாங்கின பேச்சுப்போட்டிக் கோப்பைகூட விடாமல் தட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பரணுக்கு வந்தார்கள். அப்பாவைத்தான் தெரியுமே, வீட்டில் எல்லாவற்றுக்கும் எழுதி ஒட்டுகிறவர். 'கொலு பொம்மை, செட்டியார் தனி', 'பழைய ஸ்வெட்டர், டெல்லி போனால்'. அந்த வரிசையில் ஓர் அட்டைப்பெட்டி. தீபாவளிக்கு வாங்கின பட்டாசில் கொஞ்சம் எடுத்துக் கார்த்திகைக்கு வைப்பது நம் வழக்கம். போன வருஷம் கார்த்திகைக்கு மழை, பெட்டி அப்படியே நின்றுவிட்டது. அதன்மேல் 'வெடி, கார்த்திகைக்கு' என்று எழுதி ஒட்டியிருந்தார். பாச்சை அந்தக் காகிதத்தின் ஓரத்தைத் தின்றதில் மிஞ்சியது 'வெடி, கார்த்தி' மட்டும்தான்.

இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "யாருங்க இந்தக் கார்த்தி?"

அப்பா திருதிருவென்று முழித்தார். "கார்த்தின்னு யாரும் இல்லை சார். பண்டிகை."

"பண்டிகைன்றது யாரு?" என்றார் பின்னால் நின்ற ஏட்டு.

இன்றைக்கு நினைத்தால் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே நமுத்துப்போன கம்பி மத்தாப்பு, சங்குசக்கரம், புஸ்வாணம். ஓர் இளம் போலீஸ்காரர் எடுத்துப்போகும் சாமான்களுக்கெல்லாம் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார், அதற்கு மகஜர் என்று பெயராம். எழுதி முடித்து அப்பாவிடம் நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து சார்" என்றார்.

அப்பா பேனாவைத் திறந்தார். ஆயுசு முழுக்க யார் எங்கே கையைக் காட்டினாலும் அங்கே கையெழுத்துப் போட்டவர். ஃப்ளாட் வாங்கினபோது பத்திரத்தைப் படிக்காமல் போட்டார், எனக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் படிக்காமல் போட்டார். பேனா தாள்மேல் போய்விட்டது. அப்புறம் மூடியைத் திருகி மூடினார். "ஒரு நிமிஷம் சார், கண்ணாடி எடுத்துண்டு வரேன். என் பையன் ஊருக்கெல்லாம் சொல்றது அது ஒண்ணுதான், படிக்காம போடாதேன்னு. நான் போட்டேன்னா அவனுக்கு அவமானம்" என்றார். குரல் நடுங்கிற்று. ஆனால் போய்க் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து, ஊஞ்சலில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தார். எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள். நடுவில் ஓரிடத்தில் விரலை வைத்து, "இது தப்பு சார்" என்றார். அங்கே 'வெடிபொருட்கள் அடங்கிய அட்டைப்பெட்டி ஒன்று' என்று எழுதியிருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதாங்க, போடுங்க."

"ஒண்ணு இல்லை சார். இது மத்தாப்பு. அதுவும் நமுத்தது. நமுத்ததுன்னு எழுதுங்கோ."

இன்ஸ்பெக்டர் முறைத்தார். அப்பா அதற்குள் சுவாமி அறையிலிருந்து தீப்பெட்டியைக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே கொளுத்திப் பாருங்கோ" என்றார். அவர் என்ன நினைத்தாரோ, பால்கனியில் போய் நின்று ஒரு கம்பி மத்தாப்பைக் கொளுத்தினார். குச்சி குச்சியாகக் கிழித்தும் அது புகைந்ததே தவிரப் பற்றவில்லை. எதிர் ஃப்ளாட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள், பெண் போலீசும் வாயைப் பொத்திக்கொண்டார். "அடிச்சு எழுதுய்யா" என்றார் இன்ஸ்பெக்டர். 'ஈரமான மத்தாப்பு' என்று அடித்து எழுதி, அடித்த இடத்தில் அவரும் கையெழுத்துப் போட்டு, அப்பாவும் போட்டார். அவர்கள் போனபிறகு அப்பா பாத்ரூமுக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு இருந்தார். நான் கதவைத் தட்டவில்லை. அந்த ஒரு சொல் அப்படியே நின்றிருந்தால் உனக்கு ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று பிறகு முரளி சொன்னான். ஆற்றங்கரையில் நீ சொன்னது சுற்றிவந்து உன்னையே காப்பாற்றியிருக்கிறது, அதற்கு நடுவில் நின்றவர் உன் அப்பா. அவரைப் பயந்தாங்கொள்ளி என்று இனிமேல் நான் கிண்டல் செய்தால் நீ என்னைத் தடுக்கலாம்.

அந்த வாரமே வாசலில் மணி அடித்தது. அப்பா கதவின் சங்கிலியை எடுக்காமலே யார் என்றார். "ஆத்துலேர்ந்து வரோம் சார்" என்று பதில். நம் பேச்சில் ஆத்து என்றால் வீடுதானே, அப்பாவும் யாரோ உறவுக்காரர் என்று நினைத்து, "எந்த ஆத்துலேர்ந்து?" என்றார். "அடையாறுதான் சார், கூவமா இன்னா?" என்று வெளியே ஒரே சிரிப்பு. திறந்தால் மல்லிகா. மந்தைவெளி ரயில் ஸ்டேஷன் படிக்கட்டில் பூ விற்கிறாளே, அவள்தான். கூட அவள் நாத்தனார். அவள் குடும்பத்தை ஏற்கெனவே ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள், பூ விற்க விடியுமுன் பஸ் பிடித்து வருகிறாள். நாத்தனார் வீடு இன்னும் கரையில்தான் நிற்கிறது, உன் வழக்கில் கோர்ட் கொடுத்த இடைக்காலத் தடையால். இரண்டு பேரும் நாற்காலியில் உட்காரவில்லை. நான் தரையில் உட்கார்ந்த பிறகு எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

"வக்கீல் சாரு தூண்டிவுட்டாருன்னு போட்டுக்கிறாங்களாமே" என்றாள் மல்லிகா. "எங்களப் போயி யாரும்மா தூண்டிவுடணும்? இடிக்கிற மிசினு வாசல்ல வந்து நிக்கசொல்ல, ஒருத்தரு வந்து சொல்லித்தான் நாங்க குந்தணுமா? அவரு இன்னா சொன்னாரு, படிச்சுப் பாத்துட்டு போடுன்னாரு. அது ஒரு குத்தமா? நான் எட்டாங்கிளாஸ் படிச்சவம்மா. எங்க சந்துக்கே அன்னிக்கு நாந்தான் அந்தப் பேப்பர படிச்சு சொன்னேன்."

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. போகும்போது ஒரு பந்து மல்லிகைப்பூவை என் மடியில் போட்டாள். "கல்யாணத்துக்கு நாந்தாம்மா மாலை கட்டுவேன், வேற யார்னா வந்தா சண்டதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கல்யாணம். அதைப் பற்றித்தான் எனக்கு அப்போது ராத்தூக்கம் பகல்தூக்கம் இரண்டும் போயிருந்தது. நிச்சயதார்த்தம் முடிந்து, பத்திரிகை அடிக்கக் கொடுக்க இருந்த சமயம். நீ உள்ளே. உன் ஆபீஸ் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர், "மேலேர்ந்து சொல்றா, நான் என்ன பண்ணட்டும்" என்று. உன் சன்னத்தைப் பறித்து, இனிமேல் வக்கீல் தொழிலே செய்யவிடக் கூடாது என்று எவனோ ஒருவன் பெயரில் ஒரு புகார். உன்னிடம் வழக்குக் கொடுத்திருந்தவர்களில் சிலர் தயங்கித் தயங்கிக் கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். இப்படியெல்லாம் நடப்பது உனக்கு மட்டும் இல்லை, வேறு ஊர்களில் உன்னை மாதிரி வக்கீல்கள் விசாரணையே இல்லாமல் எத்தனையோ காலம் உள்ளே கிடந்திருக்கிறார்கள் என்று முரளி ஆறுதலுக்குச் சொன்னான். அவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை.

இப்போது உனக்குத் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன். கோயில் குளத்தங்கரைப் பூக்கடையில் ஒருநாள் ஒருவர் என்னை நிறுத்தினார். உனக்கும் தெரிந்தவர், பெயர் எழுத மாட்டேன். "நான் நல்லதுக்குத்தான் சொல்றேன் மாமி. அந்த ஆத்தங்கரைக் கேஸ்லேர்ந்து மட்டும் அவனை விலகிக்கச் சொல்லுங்கோ. வேற எந்தக் கேஸ் வேணாலும் நடத்தட்டும். ஜாமீனுக்கு யாரும் குறுக்கே நிக்க மாட்டா, அந்தப் புகாரும் காணாமப் போயிடும். கல்யாணம் ஜாம்ஜாம்னு நடக்கும். நான் பேசிட்டேன்" என்றார்.

"யாரோட பேசினேள்?"

"பேச வேண்டியவாளோட."

சரிதான் போங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன் என்று எழுத ஆசை. அப்படி இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே அவர் காலில் விழலாம் போல இருந்தது. என் பிள்ளை வெளியே வரணும், மணையில் உட்காரணும், மற்றதெல்லாம் எக்கேடு கெட்டுப் போகட்டும் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். அப்பாவிடமும் சொல்லவில்லை. உன்னைப் பார்க்க மனுப் போட்டிருந்த அன்று, அதை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

சிறையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ வந்து நின்றாய். தாடி, கசங்கின சட்டை. சுற்றிலும் எல்லாக் குடும்பமும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தது. நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "போலீஸ்காரா ஆத்துக்கு வந்தாளாமே, அப்பா படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டார்?" என்பதுதான். நான் மத்தாப்புக் கதையைச் சொன்னேன். கார்த்தி யார் என்று கேட்டதைச் சொன்னதும் நீ சிரித்தாய் பார், பக்கத்தில் நின்ற கைதி திரும்பிப் பார்த்தான், காவலரும் பார்த்தார். அப்புறம் உன் கண் நிறைந்துவிட்டது. "அப்பாவா? நம்ம அப்பாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். நேரம் முடிந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மனப்பாடம் செய்துகொண்டு வந்தது என் வாயிலேயே இருந்தது. அதை உன் காதில் போட்டிருந்தால் நீ கோபித்துக்கொண்டிருக்க மாட்டாய், அம்மாவின் பயம் என்று பொறுத்துக்கொண்டிருப்பாய். ஆனால் அப்பா எதற்காக மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு உள்ளே போனாரோ அது வீணாகிப் போயிருக்கும். மறுநாள் குளத்தங்கரைக்குப் போய் அவரிடம், "அவன்கிட்ட சொல்ல முடியாது. இனிமே எங்கிட்டயும் சொல்லாதீங்கோ" என்றேன். "அப்பறம் வருத்தப்படாதீங்கோ மாமி" என்றார். வருத்தப்பட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த ஜாமீன் மனுவும் தள்ளுபடி ஆன அன்று சுவாமி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நீ பத்தாவது படிக்கும்போது நம் ஃப்ளாட்டில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று சங்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். மறுநாள் அதன் அடியில் பென்சிலில் 'ஏன்?' என்று இருந்தது. செயலாளர் வந்து குதித்தார். நீயே நான்தான் என்று ஒப்புக்கொண்டாய். நான் உன் காதைத் திருகி ரப்பரைக் கையில் கொடுத்து அனுப்பினேன். நீ சுத்தமாக அழித்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றியபடியே, "அழிச்சுட்டேம்மா. ஆனா ஏன்?" என்றாய். அன்றைக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அறிவிப்பை ஒரு வாரத்தில் அவர்களே கிழித்துவிட்டார்கள், யாருக்கும் பதில் தெரியவில்லை போலிருக்கிறது. அப்போதே உன்னைப் பற்றி எனக்கு உள்ளூரப் பெருமைதான், வெளியே காட்டிக்கொண்டால் நீ தலைக்குமேல் ஏறிவிடுவாய் என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்லிவிடுகிறேன். உன்னைப் பார்த்து நான் பிரமித்துப் போயிருக்கிறேன் கண்ணா. எதிராளிகூடப் பெயர் சொல்லித் திட்ட முடியாதபடி மரியாதையாகப் பேசுகிறாய், ஆனால் ஓர் அங்குலம் விட்டுக்கொடுப்பதில்லை. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, எங்கே கற்றாய் என்றும் எனக்குத் தெரியாது.

ஒருவழியாக ஜாமீன் வந்தது. தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. ஒருநாள் தவறினாலும் ஜாமீன் ரத்து, திரும்ப உள்ளே. படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று ஊருக்குச் சொன்னவனைத் தினம் கையெழுத்துப் போடவைத்திருக்கிறார்கள். நீயும் சளைக்காமல் அந்த ரிஜிஸ்டரில் உன் பக்கத்தைத் தினமும் முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் போடுகிறாயாம், ஏட்டு தலையில் அடித்துக்கொள்கிறார் என்று முரளி சொன்னான்.

நீ அப்படிப் போயிருந்த ஒரு காலையில் கே.கே. நகரிலிருந்து, உனக்கு நிச்சயம் செய்திருக்கிற நித்யாவின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். முடிவு உனக்குத் தெரியும், பேச்சு தெரியாது. மருந்துக்கடை வைத்திருக்கிறவர், கடையை அந்த நேரத்தில் பூட்டிவிட்டு வந்திருக்கிறார் என்றால் கல்யாணத்தை நிறுத்தத்தான் என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது. கொடுத்த காபியில் ஆடை படிந்தது, யாரும் தொடவில்லை.

"தினம் எத்தனை மணிக்கு?" என்றார் கடைசியில்.

"பத்தரைக்கு" என்றார் அப்பா.

"ஞாயித்துக்கிழமையும் உண்டா?"

"உண்டு."

"கல்யாணத்தன்னிக்கு?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அன்று ஒருநாளைக்கு விலக்குக் கேட்டு மனுப் போடலாம் என்று சிநேகிதர்கள் சொன்னதையும், தினம் போடறவன் அன்னிக்கும் போட்டுட்டு வரேன், அவாகிட்ட சலுகை கேக்க மாட்டேன் என்று நீ சொல்லிவிட்டதையும் நான்தான் சொன்னேன். அவர் காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். "நேத்திக்கு நித்யாகிட்ட நான் கேட்டேன், யோசிச்சுப் பாரும்மா, இன்னும் பத்திரிகை கொடுக்க ஆரம்பிக்கலைன்னேன். அவ சொன்னா, 'அப்பா, அவர் திருடிட்டுக் கையெழுத்துப் போடலை. நான் வேணும்னா கூடப் போய் வாசல்ல நிக்கறேன்'னா. அப்பறம் நான் என்ன பேச?" என்றார். "காசி யாத்திரைன்னு ஒண்ணு இருக்கே மாமி. மாப்பிள்ளை குடையும் கைத்தடியுமா, எனக்குக் கல்யாணமே வேண்டாம், காசிக்குப் போறேன்னு கிளம்பறான். பொண்ணோட அப்பா பின்னாடியே போய், வாங்கோ மாப்பிள்ளைன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிண்டு வரான். எல்லாக் கல்யாணத்துலயும் அது வெறும் விளையாட்டு. இங்க நெஜமாவே ஒரு இடத்துக்குப் போகப் போறார். நானே கூடப் போய் நானே கூட்டிண்டு வரேன். காசி எந்த ரோட்டுல இருந்தா என்ன?" என்று சொல்லிவிட்டு, ஆடை படிந்த அந்தக் காபியை ஒரே மூச்சில் குடித்தார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் மனுஷர்கள் மாதிரி மூச்சு விட்டோம். ஜோசியர் ராகுகாலம் எமகண்டம் பார்த்தார், நாங்கள் பத்தரை மணி பார்த்தோம், இரண்டுக்கும் ஒத்துவருகிற மாதிரி வியாழக்கிழமை பதினொன்றுக்கு மேல் முகூர்த்தம் அமைந்தது. மண்டபம்கூட ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில்தான் பார்த்தோம், வாடகை ஜாஸ்தி, சாப்பாட்டுக்கூடம் இருட்டு. வாத்தியார் மட்டும் தயங்கித் தயங்கி, "ஸ்டேஷன் வாசல்படி மிதிச்சுட்டு வந்தா திரும்ப ஸ்நானம் பண்ணணுமோன்னு பாக்கறேன்" என்றார். ஆயிரம் பேருக்கு நியாயம் கேட்கப் போகிறவன் மிதிக்கிற படி என்றேன் நான். வாத்தியார் சாமான் பட்டியலுக்குப் போய்விட்டார்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு அம்மா புத்திமதி சொல்லாமல் கடிதத்தை முடிக்க முடியாது. வீட்டில் கோர்ட்டு மனு பாஷை பேசாதே. 'மேற்படி சாம்பாரில் உப்பு குறைவு' என்று என்னிடம் சொன்னாய், நான் சிரித்தேன், நித்யா சிரிப்பாள் என்று நிச்சயம் இல்லை. எங்கே போகிறாய், யாரைப் பார்க்கிறாய் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போ. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். நீ எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை, எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு. அப்பா நடுங்கிக்கொண்டேதான் அந்தத் தாளைப் படித்தார், அதனால் அவர் பெருமை ஒன்றும் குறைந்துவிடவில்லை. அப்புறம், பென்சிலைக் கடிக்காதே.

நீ வெளியே வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்த ஆற்றங்கரைக் கட்டைத்தான் பிரித்தாய். இப்போது அடுத்த அறையில் பிரித்து வைத்திருப்பதும் அதுதான் என்று எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு மறுவாரம் விசாரணைக்கு வருகிறது. உனக்கு மாலை கட்டப் போகிற மல்லிகாவின் நாத்தனார் வீடு இருக்குமா இருக்காதா என்பது அதில்தான் இருக்கிறது. அதை விட்டுவிடச் சொல்லி யாராவது இனிமேல் என்னை நிறுத்தினால் இந்தக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிடுவேன்.

இதைப் படித்துவிட்டு அவர்கள் திரும்ப வருவார்கள் என்று முரளி எச்சரிக்கிறான். பேரம் பேசினதை வெளியே சொல்லலாமா மாமி, உங்களையும் இழுத்துவிடுவார்கள் என்கிறான். வரட்டும். பரணில் இப்போது மத்தாப்பு இல்லை, அப்பா எல்லா ஒட்டுக்காகிதத்தையும் புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறார். உன்னைத் தூண்டிவிட்டது யார் என்று கேட்டால் தயங்காமல் என்னைக் காட்டு. விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தச் சொல்லை உனக்குக் கொடுத்தவள் நான்தான். அவர்களுடைய அறிக்கையில் இடம் இருக்கிறது, துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள், நான் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். எழுதினதை முதல் வரியிலிருந்து படித்துப் பார்த்துவிட்டேன். இப்போது கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
மற்றும் பலரில் ஒருத்தி,
உன் அம்மா